பால் தெளித்த அன்று நான் இருந்த இடம்

தம்பி,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மருமகளைக் கேட்டால், "டூட்டில இருக்காகளாம் மாமா" என்கிறாள். நாற்பது நாளாக விடாமல் டூட்டி பார்க்கிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. போகட்டும். மாசமாக இருக்கிற பிள்ளையை நடுவில் நிறுத்திப் பொய் சொல்ல வைக்காதே. நான் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்காமலே விட்டுவிடுகிறாய். அதனால் அரிமளம் கடைத்தெருவில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன், மண்குதிரைக்கு வர்ணம் எழுதிப் பழகின கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முடித்ததும் மருமகளிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்வேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும். இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத சங்கதி இனி எதுவும் இருக்க வேண்டாம்.

நீ என்மேல் சொன்ன குற்றத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உன் அம்மா போன மூன்றாம் நாள் காலை. பால் தெளிக்க எல்லாரும் சுடுகாட்டில் கூடிவிட்டார்கள், பாலும் நவதானியமும் வந்துவிட்டது, என்னைக் காணோம். நீ தைலமரக் காட்டுக்குள் பைக்கை விட்டுக்கொண்டு அய்யனார் கோயிலுக்கு வந்தாய். அங்கே நான் வரிசையாக நிற்கிற மண்குதிரைகளுக்குப் பின்னால் மடியில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, கையில் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன். "அங்க அம்மாவுக்குப் பால் ஊத்த ஊரே நிக்குது. நீங்க இங்கிட்டு வந்து பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா? ஒங்களுக்கு மனசுனு ஒண்ணு இருக்காப்பா?" என்றாய். நான் பிரஷ்ஷைக் கழுவினேன். கழுவாவிட்டால் முடி ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அதைப் பார்த்துத்தான் உனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. "எம் பிள்ளைக்கு எடுக்குற பொம்மைய நீங்க தொடவே கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டுப் போனாய். பதினாறு முடித்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று வாய்வார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை. அது யாருடைய பொம்மை என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு.

நான் அழவில்லை என்பதும் உன் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. உண்மைதான். உன் சின்னம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒரு சொட்டாச்சும் விட்ருங்க மாமா, நெஞ்சுலயே தேங்குனா ஆளக் கொன்னுரும்" என்று கதறினாள். வரவில்லை. பந்தல்காரன் மஞ்சள் துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டியிருந்தான், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கும்போதும் அதே துணிதான் கண்ணில் நின்றது. எனக்கு உள்ளே மரத்துப்போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது தம்பி. அன்றைக்கு ஆனதில்லை அது. முள் குத்தினால் வலிக்கிறது, பசிக்கிறது, தூக்கம் வருகிறது. அதற்கு மேல் எதுவும் வருவதில்லை.

நான் தொழிலுக்கு வந்த கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். காலேஜ்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கும்போதெல்லாம் சொல்கிற பாதி அது. வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பரம்பரையில் யாரும் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. ஒரு வருடம், அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப் போகிற புரவி எடுப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, குதிரை செய்கிற வேளார் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். குதிரைகளையும் பொம்மைகளையும் மகன்களை வைத்துச் செய்து சுட்டு எடுத்துவிட்டார், வர்ணம் எழுத ஆளில்லை. "ஒனக்குக் கை ஆடாது, சுவத்துல கரை இழுக்குறதப் பாத்திருக்கேன், வந்து எழுது" என்று கூப்பிட்டார். போனேன். முதல் குதிரைக்குக் கழுத்து மாலை எழுதியதுமே சூளையடியில் கூட்டம் கூடிவிட்டது. "அடேயப்பா, இந்தக் கைய வச்சுக்கிட்டா இம்புட்டு நாளாச் சுண்ணாம்பு அடிச்சே?" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். இந்தப் பாதியைக் கேட்டு எல்லாரும் கைதட்டுவார்கள். நானும் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

மீதிப் பாதி இது. அந்த வருடம் மாசியில் உனக்கும் உன் அண்ணன் முத்தையாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டது. உனக்கு ஐந்து வயது, அவனுக்கு எட்டு. பெரியாஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் தலைமாறிப் படுக்கவைத்திருந்தார்கள். உன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அய்யனாருக்கு நேர்ந்துகொண்டாள், ரெண்டு பிள்ளையும் எழுந்து நடந்தால் ரெண்டு பிள்ளைப் பொம்மை எடுக்கிறேன் என்று. நடந்தீர்கள். வேளார் இரண்டு பொம்மை செய்து தந்தார், முழங்கால் உயரம். உன்னுடையதை நான் முதலில் எழுதினேன், சிவப்புச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு. முத்தையா தினமும் சூளையடிக்கு வந்து நின்று, "எனக்கு நீலச் சட்டப்பா, பள்ளிக்கூட நீலம் வேணாம், மீன்கொத்தி நீலம்" என்பான். "போடா, எழுதுறேன், தொணதொணக்காதே" என்பேன்.

பொம்மைக்குக் கடைசியில்தான் கண் எழுதுவது. நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், மறந்திருக்கும். கண் எழுதும்போது அந்தப் பிள்ளைக்கு உடையவர்கள் ஒருவர் எதிரே நிற்க வேண்டும். முதல் பார்வை தன் மனுசர்மேல் விழ வேண்டும், வெறும் வெளியில் விழக்கூடாது. எழுதியதும் புதுத்துண்டால் முகத்தை மூடிவிடுவார்கள். கோயிலில் இறக்கிவைத்த பிறகுதான் எடுப்பது. உனக்குக் கண் எழுதியபோது உன் அம்மா எதிரே நின்றாள், சிரித்துக்கொண்டு நின்றாள். முத்தையாவுடையது வெள்ளைப் பூச்சோடு நின்றது. எடுப்பன்று மத்தியானம் எனக்கு நேரம் இருந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, நேரம் இருந்தது. ஆனால் ஊர்ப் பொதுக்குதிரையைச் சுற்றி ஆட்கள் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அதன் மார்பில் ஒரு வரிசை மணி எழுதியிருந்தேன். "இன்னொரு வரிசை போட்டா எப்புடி இருக்கும்!" என்று ஒருத்தர் சொன்னார். போட்டேன். அதற்குக் கீழே மூன்றாவது வரிசையும் போட்டேன். அதை யாரும் கேட்கவே இல்லை. கொட்டுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது சாமியாடிக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்ன செய்தேன் தெரியுமா? துண்டை எடுத்து அந்த வெள்ளைப் பொம்மையை முகத்திலிருந்து இடுப்புவரை சுற்றினேன். உன் அம்மா உன் பொம்மையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே, "பெரியவனுக்கு எழுதியாச்சாங்க? என்னைக் கூப்பிடவே இல்ல" என்றாள். "ஆச்சு, நானே எதுத்தாப்புல முத்தையாவ நிக்கவச்சு எழுதிட்டேன், நட" என்றேன். ஒரு பொய்யைச் சொன்னால் அது தனியாகவா வரும்? கோயிலில் கூட்ட நெரிசலில் பொம்மையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய், ஒரு பழைய குதிரையின் பின்னங்காலுக்குப் பின்னால், முகம் மதில்பக்கம் இருக்கும்படி வைத்துத் துண்டை உருவினேன். நாளைக்கு வந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சாமிக்கு விட்டதைத் திரும்பத் தொடக்கூடாது என்று ஒரு கட்டு இருக்கிறது, யாராவது பார்த்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். ஐப்பசியில் முத்தையாவுக்குக் காய்ச்சல் திரும்பியது. நான்கே நாள்.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைத்தான் நான் நம்புகிறேன். கண் எழுதாததற்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோகிற சாமி எந்த ஊரிலும் இருக்காது. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூடச் சரியாக உட்காரவில்லை. உன் அம்மாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை. நேர்ந்ததைச் செய்தோம், அப்படியும் எடுத்துக்கொண்டான் என்று அவள் சாமியோடு சண்டை போட்டாள். அன்றிலிருந்து கோயில் பக்கம் கால் வைக்கவில்லை. முந்திரித் தோப்புக்குப் போக வேண்டுமானால்கூடக் கோயில் வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போவாள். ஊர்ப் பெண்கள் பொங்கல் வைக்கக் கூப்பிட்டால், "அவருக்கும் எனக்கும் பேச்சு கெடையாது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். என் தப்பைச் சாமி தலையில் கட்டிவிட்டு, அவள் சாமியை ஏசும்போதெல்லாம் கம்மென்று இருந்தேன். அந்த வெட்கங்கெட்ட காரியத்தைத்தான் நான் ஆயுசுக்கும் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் பெரிய ஆளானேன். வேளார் கை சரியாகியும், "நீயே எழுது" என்று விட்டுவிட்டார். விராலிமலைப் பக்கமிருந்து ஆள் வந்தது, கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்தது. யார் வீட்டுப் பிள்ளைப் பொம்மையையும் நான் ஒரு நாள்கூடப் பாக்கி வைத்ததில்லை. பிள்ளைப் பொம்மை முடியாமல் குதிரையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், மணி எழுதுவதை விட்டேன். "கண்ணு எழுதுறதுல இவர மிஞ்ச ஆளே இல்ல, பொம்மை நம்மளையே பாக்குது" என்று சொல்வார்கள். சென்னையில் மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்களே, நீ போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய், "அப்பா, கலக்கிட்டீங்க" என்றாய். அந்த மேடையில் ஒரு பெண்பிள்ளை, கண்ணுக்கு மட்டும் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டது. "சும்மா பழக்கந்தான்மா" என்றேன். சால்வை உறுத்தியது. வேறு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சால்வையைக் கொடுத்தேன், மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் எழுதிய எதையும் அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது உனக்கும் தெரியும். அவளுக்கு இந்த வேலை பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டாய்.

உனக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது சூளையடிக்கு வந்து, வெள்ளையாக நின்ற யாருடைய பொம்மைக்கோ நீயாகவே ஒரு கண் எழுதிவிட்டாய். நன்றாகவும் எழுதியிருந்தாய். எதிரே யாரும் நிற்கவில்லை, ஒற்றைக் கண் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். உனக்கு மூக்கில் ரத்தம் வந்தது. "ஒனக்கு இந்த வேலையே வேணாம், இனி பிரஷ்ஷத் தொட்ட கைய ஒடச்சுருவேன்" என்றேன். அன்றைக்கு விட்டவன்தான் நீ. ஐ.டி.ஐ. படித்து வெல்டிங் பழகி சிங்கப்பூர் போய்விட்டாய். நீ நல்லா இருக்கிறாய், அதில் குறையில்லை. ஆனால் உன்னை நான் பிறகு மடியில் வைத்ததில்லை, முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கண் எழுதின பிள்ளை நீ, இருக்கிறாய். உன்னைப் பார்த்தால் பக்கத்தில் ஒரு காலி இடம் தெரியும். அது உன் தப்பா? இல்லை. அப்பனுக்கு நம்மைப் பிடிக்காது என்று நீ நினைத்து வளர்ந்திருப்பாய். பிடிக்கும்டா. சொல்லத் தெரியாமல் போனதற்கு இந்த வயதில் என்னை மன்னித்துக்கொள்.

பங்குனியில் உன் அம்மா படுக்கையில் விழுந்து பேச்சுக் குறைந்திருந்தபோது ஒரு நாள் காலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டு எழுந்தேன். "செத்த உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "முத்தையா பொம்மைக்கு நீங்க கண்ணு எழுதலையில்ல" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. எனக்குக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எடுப்பு முடிஞ்ச மூணாம் நாள் வெளக்குப் போடப் போனேன். பின்னால தேடிக் கண்டுபிடிச்சு மொகத்தத் திருப்புனேன். வெள்ளையா இருந்துச்சு. நான் பாத்தது தெரியவேணாம்னு இருந்த மாதிரியே திருப்பி வச்சுட்டு வந்துட்டேன். நீங்களாப் போயி எழுதிருவீங்கனு பாத்துக்கிட்டே இருந்தேன்." எடுப்பு நடந்த வைகாசியிலிருந்து ஐப்பசிவரை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "அப்பறம் ஏன் சாமியோட போயி..." என்று இழுத்தேன். "ஒங்களோட சண்டை போட்டா நான் எங்கிட்டுப் போயி இருக்குறது? சின்னவன எங்கிட்டுத் தூக்கிட்டுப் போறது? அதான் அவரோட போட்டேன். அவரு தாங்கிக்கிருவாரு" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை, எட்டாம் நாள் போய்விட்டாள்.

நீயும் ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறவன். பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. தப்புச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிவிடு. அடித்தால் அடி வாங்கிக்கொள். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று நீ சொல்லலாம். இல்லைதான். ஆனால் இதை என்னைவிடத் தெரிந்தவனும் கிடையாது.

இனி அந்த மூன்றாம் நாள். சுடுகாட்டுக்குத்தான் கிளம்பினேன் தம்பி, உன்மேல் சத்தியமாக. பால் செம்பைப் பார்த்ததும், அவள் காத்திருந்தது இதற்கு இல்லையே என்று பட்டது. பெயிண்ட் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கடைசி வரிசையில் மண் மேடு போட்டுக் கிடந்தது. பழைய குதிரை முகம் உடைந்து விழுந்து கிடந்தது, அதன் பின்னங்கால் மட்டும் நின்றது. கையால் மண்ணைத் தோண்டினேன். தலையும் நெஞ்சும் ஒரு கையும் கிடைத்தன, கால் இரண்டும் இல்லை. வெள்ளையெல்லாம் எப்போதோ கரைந்து வெறும் செம்மண்ணாக இருந்தது. முகத்தைத் துடைத்தேன். வேளாருக்கு முத்தையாவைத் தெரியும் அல்லவா, மேலுதட்டில் அவனுக்கு இருந்த மேட்டை விடாமல் வைத்திருக்கிறார். நம்மிடம் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. முப்பது வருடமாக அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை என்று நினைத்திருந்தேன், அது அங்கே மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. சாமிக்கு விட்டதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அப்போது எனக்கு நினைவில் இல்லை. வெள்ளை கொடுத்தேன், காயவிட்டேன், சட்டை எழுதினேன். நீ வந்தபோது நான் கழுவியது அந்த நீலத்தைத்தான்.

உன் பிள்ளையின் பொம்மையைத் தொடக்கூடாது என்று சொன்னாய். தொடமாட்டேன். பிள்ளை வரம் கேட்டுச் சம்பந்தியம்மா நேர்ந்துகொண்டது இந்த வருடம் ஆடியில் வருகிற எடுப்புக்கு, வேளார் மகன் செய்கிறான். சட்டை, கயிறு எல்லாவற்றையும் அவனே எழுதிவிடுவான். கண்ணை நீ எழுது. உனக்கு வரும். ஆறாவது படிக்கையிலேயே வந்தது, நான் அறைந்ததில் அது எங்கேயும் போயிருக்காது. பிரஷ் கழுவி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் செய்துவிடு. முத்தையாவுக்கு இன்னும் கண் எழுதவில்லை. நீ போன பிறகு இரண்டு தடவை போய் உட்கார்ந்தேன், கை ஆடவில்லை, எழுதிவிடுவேன். ஆனால் எதிரே நிற்க ஆளில்லை. உன் அம்மா நிற்க வேண்டிய இடம், அவளை நான் அன்றைக்குக் கூப்பிடவில்லை. ஆடிக்கு லீவு போட்டு வா. என்னோடு நீ பேசவேண்டாம், வீட்டுக்குள்கூட வரவேண்டாம், ஏர்போர்ட்டிலிருந்து நேரே கோயிலுக்கு வா. நான் பிரஷ்ஷை எடுக்கும்போது உன் அண்ணனுக்கு எதிரே வந்து நில்லு. அவன் உன்னைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பன்